ரெண்டு பேர் தூக்குற ரயில்

கஜாவுக்கு அப்புறம் வச்ச தென்னங்கன்னு இந்த வருஷம்தான் காய்க்க ஆரம்பிச்சுது. முதல் காய் நாப்பத்தி மூணு. தேங்காயை எண்ணி சாக்குல போட்டுட்டு எங்க வீட்டம்மா, "ஏங்க, பரண் மேல கிடக்குற அந்த உர மூட்டையை இறக்குங்களேன். எலி கடிக்குது போலருக்கு" அப்படின்னுச்சு. எலி கடிக்கிற பொருள் எதுவும் அதுல இல்லைன்னு அதுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இறக்கினேன்.

மூட்டைக்குள்ள இருந்தது ரயில். பொம்மை ரயில்தான். ஆனா பொம்மைன்னு சொன்னா எனக்குக் கொஞ்சம் கோவம் வரும்.

நான் எட்டாவது படிக்கும்போது சிங்கப்பூர்லேருந்து மாமா ஒரு பெட்டி கொண்டாந்தார். ஒரு கரி என்ஜின், ரெண்டு கோச்சு, வட்டமா மாட்டுற தண்டவாளம், கரண்டுல சொருகுற ஒரு டிரான்ஸ்பார்மர். கூடத்துல வச்சு ஓட்டினா தெருவே வந்து நிக்கும். எங்க ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவுல இருக்கு. வயல்லேருந்து பாத்தா மீட்டர்கேஜ் ரயில் தெரியும். அப்ப கரி என்ஜின்தான். வண்டி போற சத்தத்தை வச்சுத்தான் சோத்துக்கு ஏறுவோம். அதனால ரயில்ங்கறது எங்களுக்கு அதிசயம் கிடையாது, கடிகாரம் மாதிரி. ஆனா அதையே கைக்குள்ள அடங்குற மாதிரி பாத்ததுதான் மனசுல ஒட்டிக்கிச்சு. பத்தாவதுக்கு அப்புறம் பெட்டியைக் கட்டி டிரங்குல வச்சாச்சு. வயலு, கல்யாணம், பிள்ளைங்கன்னு காலம் போயிடுச்சு.

2012-ல அகலப்பாதை போடுறோம்னு எங்க ஊர் ரயிலை நிறுத்துனாங்க. பழைய தண்டவாளத்தைப் பிரிச்சு அடுக்கி வச்சிருந்ததைப் பாத்த அன்னைக்கு சாயங்காலம்தான் டிரங்கைத் திறந்தேன். அப்புறம் நாலஞ்சு வருஷம் அதே வேலை. நெல்லு கொட்டி வைக்கிற அறையோட மேற்குச் சுவர் ஓரமா 12 அடிக்குப் பலகை அடிச்சு, எங்க ஊர் ஸ்டேஷனை அப்படியே கட்டினேன். அட்டையில ஸ்டேஷன் கட்டிடம், குடைக் கம்பியில கைகாட்டி, தேங்காய் நார்ல தென்னை மரம். வயல்ல வேலை இல்லாத மத்தியானமெல்லாம் அங்கதான் கிடப்பேன்.

2018 நவம்பர் 16. அதைப் பத்தி எங்க பக்கத்து ஆளுங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அறுபத்தி மூணு தென்னையில அஞ்சுதான் விடியக்காலம் நின்னுச்சு. அதுல விழுந்த ஒரு மரம் நெல்லு அறை மேலயே விழுந்துச்சு. ஓடெல்லாம் போயி, பொழுது விடியறவரைக்கும் மழை அதுமேல. காலையில போய்ப் பாத்தா அட்டையெல்லாம் கூழ். பலகை ஊதி வளைஞ்சிருக்கு. சுவத்தோட ஆணி அடிச்சு வச்சதால ராத்திரி கழட்டி எடுக்கவும் முடியல. எடுத்திருந்தாலும் 12 அடிப் பலகையை அந்தக் காத்துல எங்க கொண்டு போறது?

சேதம் கணக்கெடுக்க ஒரு தம்பி வந்தாரு. மரம் எத்தனை, ஓடு எத்தனை, மாடு ஆடு உண்டான்னு வரிசையா எழுதினாரு. கடைசியில "வேற ஏதாவது இருக்காய்யா?" ன்னு கேட்டாரு. இல்லைன்னேன். பக்கத்து வீட்ல கன்னுக்குட்டியோட பசு செத்துக் கிடக்கு. அவங்க அழுவுறாங்க. நான் போய் ரயிலுன்னு சொல்ல முடியுமா? அதுக்குன்னு தனியா அழவும் வெக்கமா இருந்துச்சு. மிஞ்சுனதைப் பொறுக்கி ஒரு உர மூட்டையில போட்டுப் பரண்ல ஏத்துனதுதான். 2019-ல அகலப்பாதையில ரயில் வந்தப்பவும் அதை இறக்கல.

மூட்டையைக் கொட்டிப் பாத்ததுல சிங்கப்பூர் என்ஜின் மோட்டார் செத்துப்போச்சு. சின்ன வயசு தண்டவாளம் இரும்பு, துரு ஏறி ஒடியுது. ஆனா பின்னாடி நான் வாங்கிச் சேத்த தண்டவாளம் நிக்கல் சில்வர். பேருதான் சில்வர், வெள்ளி ஒரு குண்டுமணி கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. அது துருப் பிடிக்கல. கறுத்திருந்துச்சு, நல்லாத் துடைச்சதும் பளிச்சுனு ஆயிடுச்சு. மறுபடி ஆரம்பிக்கலாம்னு அப்பத்தான் தோணிச்சு. ஆனா ஒரு நிபந்தனை. இந்தத் தடவை கட்டுறது ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தூக்கிட்டு ஓடுற மாதிரி இருக்கணும். மத்த நேரம் கட்டிலுக்கு அடியில போயிடணும். கட்டிலுக்கும் தரைக்கும் 14 இன்ச்.

இங்க அளவு பத்திக் கொஞ்சம் சொல்லணும். கடையில கிடைக்கிற இந்தத் தண்டவாளத்துக்கு ரெண்டு ரயிலுக்கும் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். எச்.ஓ.ன்னு சொல்லுவாங்க, நிஜத்துல 87-ல ஒரு பங்கு. வெளிநாட்டு ரயில் பாதையோட 4 அடி 8½ இன்சை 87-ஆல வகுத்தா இது சரியா வரும். இங்கிலாந்துக்காரங்க அதே தண்டவாளத்து மேல 76-ல ஒரு பங்கு பெட்டியை ஓட்டுறாங்க. கணக்குப் போட்டா பாதை அரை அடிக்கு மேல குறுகிடுது. தப்புன்னு அவங்களுக்கும் தெரியும், ஆனா எத்தனையோ வருஷமா அப்படியே ஓட்டிட்டிருக்காங்க. எங்க மாமா கொண்டாந்ததும் அந்த ஜாதிதான்.

நமக்கு வேண்டியது மீட்டர்கேஜ். ஒரு மீட்டரை 60-ஆல வகுத்துப் பாருங்க, 16.7 மில்லிமீட்டர் வரும். ஆசாரி கணக்குல இதுக்கு நூல் அளவு வித்தியாசம்கூட இல்லை. அதாவது கடைத் தண்டவாளத்து மேல எல்லாத்தையும் 60-ல ஒரு பங்கா செஞ்சா அது அசல் மீட்டர்கேஜ் ஆயிடும். 60-ல ஒண்ணுன்னா இன்னொரு சௌகரியம், நிஜத்துல அஞ்சு அடி இங்க ஒரு இன்ச். டேப்பை வச்சு அளந்து மனசுலயே கணக்குப் போட்டுக்கலாம், கால்குலேட்டர் வேணாம். மீட்டர்கேஜ் மரக்கட்டை 6 அடி நீளம், அப்ப இன்சும் அஞ்சுல ஒரு பங்கும். ஐஸ் குச்சியை நெடுக்கப் பிளந்து வெட்டினா சரியா வருது. கடைத் தண்டவாளத்துல வர்ற பிளாஸ்டிக் கட்டை ரொம்ப நெருக்கமா, குட்டையா இருக்கும். அதைக் கழட்டிட்டு இதை ஒட்டுறேன். ஒரு அடிக்கு ஒரு சாயங்காலம் ஆவுது.

சரி, 12 அடியில இருந்த ஸ்டேஷனை எப்படிக் கட்டிலுக்கு அடியில அடக்குறது? எங்க பிளாட்பாரம் நிஜத்துல 600 அடி இருக்கும். 60-ல ஒரு பங்குன்னாலும் 10 அடி. ரெண்டு வாரம் நோட்டுல கோடு போட்டு அழிச்சுட்டே இருந்தேன். வட்டமாப் போட்டா ரயில் சுத்திக்கிட்டே இருக்கும், பாக்க நல்லாயிருக்கும். ஆனா வளைவுக்கே மூணு நாலு அடி அகலம் கேக்கும், கதவு வழியா தூக்கிட்டுப் போக முடியாது. அதுவும் இல்லாம சுத்துறதை எவ்வளவு நேரம் பாக்குறது?

அப்பத்தான் ஆலன் ரைட்டுன்னு ஒரு இங்கிலாந்துக்காரர் செஞ்ச 'இங்கிள்நூக்' ஞாபகம் வந்துச்சு. மொத்தமே மூணு லைன், ரெண்டு பாயிண்ட்டு. ஒரு லைன்ல அஞ்சு வேகன் நிக்கும், மத்த ரெண்டுல மும்மூணு. என்ஜின் முன்னப் பின்னப் போற தலை லைன்ல என்ஜினும் மூணு வேகனும்தான் அடங்கும், அதுக்கு மேல ஒரு வேகன் கூடாது. மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி அஞ்சு வேகனை எடுத்து, அந்த வரிசைப்படியே நீள லைன்ல கோத்து நிறுத்தணும். அவ்வளவுதான் ஆட்டம். ஆனா எட்டுல அஞ்சை வரிசையா எடுக்க 6720 வழி இருக்கு. நாளைக்கு ஒண்ணு ஆடினாலும் பதினெட்டு வருஷத்துக்கு மேல ஆவும். என் வயசுக்கு அது போதும். சீட்டுக்கு பதிலா புளியங்கொட்டையில நம்பர் எழுதி வச்சிருக்கேன்.

அளந்து பாத்தேன். சின்ன வேகன் 4 இன்ச், கொக்கியோட நாலரை. என்ஜின் டீசல்தான், ஒய்.டி.எம்.4, நிஜத்துல 50 அடிக்குக் கொஞ்சம் மேல, இங்க 10 இன்ச். கரி என்ஜின் மேலதான் எனக்கு ஆசை, ஆனா அந்தச் சக்கரக் கம்பியெல்லாம் இந்தக் கண்ணுக்கு இனிமே ஆவாது. பழைய அமெரிக்க டீசல் மாடலோட அடிப்பாகம் ஒண்ணு, ஆறு அச்சு உள்ளது, நாலு மூட்டை டிஏபி விலைக்குக் கிடைச்சுது. மேல் கூடு மட்டும் அட்டையில செய்யணும். தலை லைன் 24 இன்ச், பாயிண்ட்டு 9, நீள லைன் 23. இடம் விட்டு எல்லாம் கூட்டினா 5 அடி. ரெண்டு பக்கமும் புடிக்கக் கொஞ்சம் விட்டு அஞ்சரை அடிக்கு ஒன்றரை அடி. கதவுல நுழையும். கட்டிலுக்கு அடியிலயும் நுழையும்.

கனம் இருக்கக் கூடாதுன்னு கீழ மரச் சட்டமும் மேல தெர்மாகோலுமா போடுறேன். முதல் தெர்மாகோலை வீணாக்கிட்டேன். போர் பைப் ஒட்டுற பசை கையில இருந்துச்சு, அதைத் தடவினேன். பாத்துக்கிட்டிருக்கும்போதே பனிக்கட்டி மாதிரி கரைஞ்சு ஓட்டையாயிடுச்சு. அதுக்கு ஃபெவிகால்தான், ஒரு ராத்திரி காய விடணும்.

கரண்டுக்கு டிரான்ஸ்பார்மர் வாங்கல. மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர் 12 வோல்ட், இந்த ரயிலும் 12 வோல்ட். ஸ்பிரேயர்ல வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் வேற இருக்கு. ஒரு ரயில்ல பிளஸ், இன்னொண்ணுல மைனஸ், ரெண்டையும் மாத்திக் கொடுத்தா வண்டி பின்னால போவும். அதுக்கு ஒரு சுவிட்ச். ஒண்ணு மட்டும் முக்கியம், பேட்டரி முனையிலேயே ஒரு ஆம்பியர் ஃபியூஸ் போட்டுடணும். வண்டி தடம் புரண்டு ரெண்டு ரயிலும் சேந்துச்சுன்னா பேட்டரி சும்மா விடாது, ஒயரே பழுத்துடும். பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணே, பயிருக்கு மருந்தடிக்கணும்னா ரயிலை நிறுத்தணுமா?" ன்னு சிரிக்கிறான். ஆமா, நிறுத்தணும்.

தென்னை மரம்தான் பிரச்னை. 60 அடி மரம்னா இங்க ஒரு அடி, கட்டிலுக்கு அடியில நுழையாது. கன்னா வச்சிடலாம்னு இருக்கேன். பத்தடிக் கன்னு, ரெண்டு இன்ச்.

பிளானை வெள்ளைத்தாள்ல முழு அளவுக்கு வரைஞ்சு கூடத்துல விரிச்சு வச்சேன். எங்க வீட்டம்மா முறத்தோட வந்து நின்னு பாத்துச்சு. எது எதுன்னு சொன்னேன். நெல்லு வேகன், உர வேகன், வேதாரண்யத்து உப்பு வேகன். எல்லாம் கேட்டுட்டு, "ஆளு எங்க ஏறும்?" னு கேட்டுச்சு.

இது சரக்கு லைனு, ஆளு ஏறாதுன்னேன்.

"ஆளு ஏறாத ஊருக்கு எதுக்கு ஸ்டேஷனு? நான் இந்த ஊருக்கு எதுல வந்தேன்?"

நிஜந்தான். அது பேராவூரணிப் பக்கம். கல்யாணம் முடிஞ்ச மறுநாள் அந்த ரயில்லதான் வந்தோம். நான் பொட்டியைத் தூக்கிட்டு முன்னால நடந்துட்டேன், அது பிளாட்பாரத்துல நின்னு வண்டி கண்ணுக்கு மறையற வரைக்கும் பாத்துட்டிருந்துச்சு. அவங்க ஊருக்குத் திரும்பிப் போற வழி அதுதானே. 2012-ல வண்டி நின்னப்ப நான்தான் ரொம்ப வருத்தப்பட்டேன்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்.

மறுபடி டேப்பை எடுத்தேன். மீட்டர்கேஜ் கோச்சு ஒண்ணு இந்த அளவுக்கு 13 இன்ச் வரும். மூணு வேகன் நிக்கிற லைன் பதிமூணரை. ஓரத்துல இருக்குற லைன்ல ஒரு கோச்சு சரியா நிக்கும், அதையொட்டி பிளாட்பாரம் போட்டுடலாம். ஆனா கோச்சு நின்னா அந்த லைன் போச்சு, 6720 வழியும் போச்சு. ஆட்டம் ஆடும்போது கோச்சைக் கையால தூக்கி அலமாரியில வச்சுக்கிறது, ஆடாத நேரம் அது பிளாட்பாரத்துல நிக்கிறதுன்னு முடிவாச்சு. ரயில்வே விதிப்படி இது தப்பு. இருக்கட்டும்.

கோச்சு என்ன கலருன்னு கேட்டேன். கடைசி வருஷங்கள்ல ஓடினது நீலம், எனக்கு அதுதான் கண்ணுல நிக்குது. அது சிவப்புன்னு அடிச்சுச் சொல்லுது. நாங்க வந்த வருஷம் சிவப்பாத்தான் இருந்திருக்கும், அது சொல்றதுதான் சரி. ஆனா அந்தச் சிவப்பு எந்தச் சிவப்பு, செங்கல்லா, குங்குமமா, காஞ்ச மிளகாயாங்கறதுதான் இன்னும் தீரல. திருத்துறைப்பூண்டி பெயிண்ட் கடையிலேருந்து கலர் அட்டை வாங்கியாந்து கொடுத்திருக்கேன். அடுப்படி ஜன்னல்ல வச்சு, வெயில்ல ஒரு தடவை, விளக்கு வெளிச்சத்துல ஒரு தடவைன்னு பாத்துட்டிருக்கு.