நுவரெலியாவின் உறைபனி

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர் எம் முன்னோர். அவற்றுள் பனிக்கு இரு பருவங்களை ஒதுக்கினர். யாழ்ப்பாணத்தில் வாழும் எமக்குப் பனி என்றால் யாது? விடியற்காலையில் வேலியோரத்து இலைகளிற் கோத்து நிற்கும் நீர்த்துளி. முதியோர் தலையைச் சுற்றிய சால்வை. பிள்ளைகளுக்கு வரும் தடிமன். “தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்று கூறிப் பேரப்பிள்ளைகளை முற்றத்தில் இறங்கவிடாது தடுப்பர் பாட்டிமார். ஆயினும் ஒரே இரவிற் பயிரைக் கொன்றுவிடும் பனியை எமது ஊரில் நாம் கண்டதில்லை.

இதே இலங்கைத் தீவில், எமது ஊரிலிருந்து ஒருநாட் பயணத் தொலைவில், அத்தகைய பனி உண்டு என்று வகுப்பிற் கூறினால் மாணவர் வியக்கின்றனர். பூமத்திய கோட்டிலிருந்து ஏழு பாகை வடக்கே நீர் உறைவது எங்ஙனம் என வினவுகின்றனர். நல்ல வினா. சில ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்தையொட்டி வந்த விடுமுறையில் நாம் நுவரெலியாவுக்குச் சென்றமைக்கு அவ்வினாவே காரணம். கல்லூரி ஆய்வுகூடத்து வெப்பமானிகள் இரண்டினைத் துவாயிற் சுற்றி எமது பையில் வைத்துக்கொண்டோம்.

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாகப் பேருந்து ஏறுகின்றது. அப்பாதையின் அருவிகளையும் வளைவுகளையும் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். நாமும் எழுதி வாசகரைக் களைப்படையச் செய்ய வேண்டியதில்லை. நுவரெலியா நகரின் அமைப்பே எமது கருத்துக்கு வேண்டியது. நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,128 அடி உயரத்தில் உள்ளது. எனினும் அது மலையுச்சியன்று. மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடித்தளம் என்றே கொள்ளலாம். இந்நாட்டின் அதியுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகால, 8,281 அடி உயரத்தில் அக்கிண்ணத்தின் விளிம்பாக நிற்கின்றது. அடித்தளத்திலே குதிரைப் பந்தயத் திடலும், 1873ஆம் ஆண்டில் ஆளுநர் கிரகரி அமைப்பித்த வாவியும், அவற்றைச் சூழ மரக்கறித் தோட்டங்களும் கிடக்கின்றன. 1840களின் பிற்பகுதியில் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் இங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தை உண்டாக்க முனைந்தார். தம் நாட்டு விதைகளையும் கால்நடைகளையும் கொணர்ந்த அவருக்கு இவ்விடத்துக் குளிர் பழகிய குளிராகவே தோன்றியிருத்தல் வேண்டும்.

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். மேலே செல்லச் செல்ல வெப்பம் குறையும் என்பதை யாவரும் அறிவர். 1,000 அடிக்கு ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் குறையும். கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27 பாகை அளவு. நுவரெலியாவினது 16 பாகை அளவு. பதினாறு பாகையில் நீர் உறையாது. ஆகவே உயரம் மாத்திரம் உறைபனிக்குக் காரணமன்று. உறைபனி வானத்திலிருந்து விழுவதென்று பலர் எண்ணுகின்றனர். அதுவும் தவறு. மேலைநாடுகளில் வானிலிருந்து பொழியும் வெண்பனி வேறு, இது வேறு.

பகலில் ஞாயிற்றின் வெம்மையைப் பெற்ற நிலமும் இலைகளும் இரவில் அதனை வானை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். முகில் இருந்தால் அது போர்வையாக நின்று, விட்ட வெப்பத்திற் பெரும்பங்கினைத் திருப்பித் தரும். காற்றில் நீராவி மிகுந்திருந்தாலும் அங்ஙனமே. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, காற்று வறண்டு, வானம் துலங்கும் தை மாசி மாதங்களில் அப்போர்வை நீங்கிவிடுகின்றது. காற்றும் அசையாதிருந்தால், நிலத்தை ஒட்டிய காற்றுப்படை குளிர்ந்து கனத்து, நீர்போல் மெல்லச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அங்கே புல்லும் இலையும் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தால், காற்றிலுள்ள ஈரம் அவற்றின்மீது நுண்ணிய பனிக்கட்டிகளாகப் படியும். செய்தித்தாள்கள் துகள் உறைபனி என எழுதுவது இதனையே.

எமது நண்பரொருவர் அங்குள்ள தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியர். அவருடைய வீடு நகருக்கு அப்பால் ஒரு சிறு பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருந்தது. அன்றிரவு நிலவு பால்போற் காய்ந்தது. ஒரு முகிற்கீற்றும் இல்லை. வெப்பமானி ஒன்றினை முற்றத்துக் கம்பத்தில் ஆள் மார்பளவு உயரத்திற் கட்டினோம். மற்றையதைப் புற்றரையிற் கிடத்தினோம். இரவு 10 மணிக்கு மேலது 8 பாகையும் கீழது 4 பாகையும் காட்டின. விடியற்காலை 5 மணிக்குக் கம்பத்தில் இருந்தது 3 பாகை. புல்லிற் கிடந்ததோ பூச்சியத்துக்குக் கீழே 2 பாகை! நாலடி உயரத்துக்குள் ஐந்து பாகை வேறுபாடு. வானிலை அறிக்கையில் 3 பாகை என்று கண்டு, பயிருக்கு ஆபத்தில்லை என மகிழ்வோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

பொழுது புலர்ந்தபோது பள்ளம் முழுவதும் சுண்ணாம்பு தெளித்தது போன்றிருந்தது. புல்லின்மீது கால் வைத்தால் நொறுங்கியது. கோவா இலைகளின் ஓரமெங்கும் வெள்ளிச்சரிகை. கீழ்த் தோட்டத்தில் இரு முதியோர், கணவனும் மனைவியும், ஓடையிலிருந்து வாளியில் நீர் மொண்டு பூவாளியால் உருளைக்கிழங்குச் செடிகளின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தனர். வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிட வேண்டுமென்ற பரபரப்பு அவர்கள் நடையிற் தெரிந்தது. நாமும் நண்பரும் ஆளுக்கொரு வாளி எடுத்தோம். உருளைக்கிழங்குப் பாத்திகளை முடித்துப் போஞ்சிக் கொடிகளுக்குத் திரும்புமுன் கதிரவன் மலைமேல் வந்துவிட்டான்.

அதன்பின் நிகழ்ந்ததை நாம் எளிதில் மறவோம். விடியலில் அக்கொடிகள் பச்சைக் கண்ணாடிபோல விறைத்து, பார்ப்பதற்கு ஒரு குறையும் இன்றி நின்றன. வெயில் பட்டு ஒரு மணி நேரத்துக்குள் இலைகள் கரும்பச்சையாகி, கொதிநீர் ஊற்றியவை போலத் துவண்டு தொங்கின. அவித்த கீரையின் மணம் தோட்டமெங்கும் எழுந்தது. பத்து நாளில் முதற் பறிப்புக்கு இருந்த பயிர். முப்பதடி மேலே சரிவில் வேறொருவர் நட்டிருந்த போஞ்சியிலே ஓர் இலைகூட வாடவில்லை.

“பெரியவரே, பள்ளத்திற் பனி தேங்கும் என்று அறிந்தும் அங்கே போஞ்சி நட்டது ஏன்?” என்று வினவினோம்.

“தெரியாம இல்லீங்க ஐயா. பள்ளத்துக்கு லீக்ஸ், மேட்டுக்குப் போஞ்சின்னு எங்கப்பாவே சொல்லுவாரு. ஆனா தையில மேட்டுக்கு ஏது தண்ணி? ஓடை பள்ளத்துலதானே ஓடுது. போஞ்சிக்கு இப்பத்தான் நல்ல வெல. பனி வராம இருந்தா ஒரக் கடன் அடைஞ்சிருக்கும்” என்றார் அவர். அவருடைய மனைவியார் ஒன்றும் கூறாமற் கொடி படர்ந்திருந்த குச்சிகளைப் பிடுங்கி அடுக்கத் தொடங்கினார்.

பனியைக் கொண்டுவரும் அதே வறட்சிதான் உழவனை ஓடையருகே இழுத்து வருகின்றது என்பதை நூல்களில் நாம் கற்றதில்லை. அம்முதியவர் வாயிலாகவே கற்றோம். வறண்ட மாதத்தில் நீர் உள்ள இடமும் குளிர் தேங்கும் இடமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. அன்று முற்பகல் பந்தயத் திடலருகே சென்றபோது, விடியலில் வெண்புல்லைப் படம் பிடித்த குடும்பங்கள் அவற்றை ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்ந்துகொண்டிருந்தன. அவர்களைக் குறைகூற நாம் விரும்பவில்லை. ஐந்து மணிக்குப் புல்லைப் பார்த்தபோது நாமும் குழந்தைபோல் மகிழ்ந்தவர்களே.

இலைக்குள் நிகழ்வது யாது? நீர் உறைந்து பருத்துக் கலங்களை வெடிக்கச் செய்கின்றது என்று பொதுவாகச் சொல்வர். உண்மை சற்று நுட்பமானது. கலங்களுக்கு இடையிலுள்ள நீரே முதலில் உறைகின்றது. அப்பனிக்கட்டி கலங்களுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துத் தான் வளர்கின்றது. நீர் இழந்த கலம் சுருங்கி அதன் மென்சவ்வு சிதைகின்றது. உருகும்போது சாறு கசிந்து வெளியேறுகின்றது, இலை கறுக்கின்றது. ஆகவே உறைந்த இலை ஒருவகையில் வறட்சியால் மடிந்த இலையே. கோவா, லீக்ஸ், கரட் முதலியன குளிர் கண்டால் தம்முள் வெல்லத்தைப் பெருக்கிக்கொள்கின்றன. வெல்லம் கரைந்த சாறு எளிதில் உறையாது. பனிக்காலத்துக் கரட் இனிப்பதன் காரணமும் இதுவே. போஞ்சி, தக்காளி, பூசணி, பூஞ்செடிகளில் தாலியா, பிகோனியா என்பன வெப்பநாட்டு வழிவந்தவை. அவ்வித்தை அவற்றுக்குத் தெரியாது. உருளைக்கிழங்கின் தண்டும் இலையும் கரிந்தாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு தப்பிவிடும். அடியிலிருந்து புதுத்தளிரும் வரும். ஆனாற் கிழங்கு பருக்காது.

தேயிலையும் பனிக்கு அஞ்சும் செடியே. பள்ளமான மலைகளிற் கொழுந்து பழுப்பேறி உதிரும். செடி சாவதில்லை, புதுக்கொழுந்து வரச் சில வாரங்கள் செல்லும். விதித்த நிறையைப் பறித்தாலன்றி முழுப்பேர் விழாது என்பது தோட்டங்களின் நெடுங்கால வழக்கம். கொழுந்தில்லாத மலையில் எத்துணை விரைந்த கையும் அரைப்பேருக்கு மேற் காணாது. மலையிலே பனி கொட்டினால் லயத்திலே அடுப்பு சிறுக்கும்.

காக்கும் வழிகள் இல்லாமலில்லை. மாலையிலேயே நிலத்தை நன்கு நனைத்து வைத்தால், ஈரமண் பகல் வெப்பத்தை மிகுதியாகத் தாங்கி இரவில் விடும். செடிகளைச் சாக்கினாலோ வைக்கோலாலோ மூடலாம். மூடி இலையைத் தொடாதிருத்தல் வேண்டும். தொட்ட இடம் கரியும். இன்று வசதியுள்ளோர் பொலித்தீன் கூடாரங்களை அமைக்கின்றனர். இரவு முழுதும் நுண்துளியாக நீர் தெளித்துக்கொண்டிருத்தல் இன்னொரு வழி. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். அது இலையைப் பூச்சியத்திலேயே நிறுத்தி வைக்கும். தெளிப்பை இடையில் நிறுத்தினால் முன்னிலும் கேடு. குப்பையை எரித்துப் புகை மூட்டுதல் பல நாடுகளில் உள்ள பழக்கம். எனினும் புகை நிலத்து வெப்பத்தை அதிகம் தடுப்பதில்லை. பயன் ஏதேனும் உண்டெனில் நெருப்பின் சூட்டினாலேயே. யப்பானியத் தேயிலைத் தோட்டங்களில் உயர்ந்த கம்பங்களில் விசிறிகளை நாட்டி, மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளுகின்றனர். எமது இரண்டு வெப்பமானிகளின் கணக்கை அறிந்தவர் இதன் பொருத்தத்தை உணர்வர்.

வீட்டுத் தோட்டம் உடையோருக்கு ஒரு சொல். கரிந்த கிளைகளை உடனே வெட்டற்க. அவை உள்ளிருக்கும் குருத்துக்கு அடுத்த பனிவரை கூரையாகும். சித்திரைப் பூக்காலத்துக்கென நாற்றிடுவோர், பின்பனி கழியுமட்டும் மென்மையான நாற்றுகளைக் கூரையின்கீழ் வைத்திருத்தலே தக்கது.

மறுநாட் பட்டிப்பொல வழியாக ஹோட்டன் சமவெளிக்குச் சென்றோம். பட்டிப்பொலவில் உள்ளது இந்நாட்டின் மிக உயர்ந்த புகையிரத நிலையம். 1988ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்காவாக விளங்கும் அச்சமவெளி ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. அங்கே ஒரு விந்தை உண்டு. பள்ளங்களெல்லாம் புல்வெளி, மேடுகளெல்லாம் காடு. நீர் தேங்கும் பள்ளத்தில் அல்லவா மரம் செழிக்க வேண்டும்? பண்டைக் காட்டுத் தீயே காரணம் என்பாரும், பள்ளத்தில் தேங்கும் உறைபனி மரக்கன்றுகளை முளையிலேயே கொல்கின்றது என்பாரும் உளர். இரண்டும் சேர்ந்து இயங்கியிருத்தல் கூடும். நீலகிரியின் புல்வெளிகளைப் பற்றியும் இதே வாதம் நெடுங்காலமாக உண்டு. முதல்நாட் காலையில் முப்பதடி இடைவெளியில் நாம் கண்ட இரு போஞ்சித் தோட்டங்களும் எமது மனத்தைப் பனியின் பக்கமே சாய்க்கின்றன.

அப்புல்வெளியிலும் துணிந்து இறங்கி நிற்கும் மரம் ஒன்று உண்டு. சிங்கள மக்கள் மகரத்மல் என்றழைக்கும் ரொடோடென்றன். தடித்த இலைகளும் செந்நிறப் பூங்கொத்துகளும் உடைய அதன் உறவினங்கள் இமயமலைச் சாரலிலும் வாழ்கின்றன. காண விரும்புவோர் விடியலிலேயே செல்லுதல் வேண்டும். முற்பகல் ஏறியதும் மூடுபனி எழுந்து பத்தடித் தூரத்து மரத்தையும் மறைத்துவிடும்.