எத்தனை சதவீதம் இருந்தா போதும்?

எங்க கேன்டீன்ல தீராத சண்டை ரெண்டு உண்டு. ஒண்ணு கிரிக்கெட், இன்னொண்ணு ஐபோனா ஆண்ட்ராய்டா. ரெண்டாவதுல ஆண்ட்ராய்டு கட்சிக்காரங்க கடைசியா எடுத்து வீசுற அஸ்திரம் சதவீதம் தான். "இந்தியாவுல நூறு பேர்ல தொண்ணூறு பேருக்கு மேல எங்க பக்கம்டா." உண்மை தான். அதுக்கு எதிர்க்கட்சி, "அப்புறம் ஏன் எல்லா ஆப்பும் எங்களுக்கும் வருது?"ன்னு கேக்கும். அதுவும் உண்மை தான்.

ரெண்டும் எப்படி உண்மையா இருக்க முடியும்? இதுக்கு பதில் தேடினா, இப்போ யார் கையிலயும் இல்லாத ஒரு போன்கிட்ட போய் நிக்கணும்.

2013-ல, நான் நாலாவது படிக்கும்போது, மாமா ஒரு மஞ்சள் கலர் லூமியா 520 வாங்கினார். விண்டோஸ் போன். 512 எம்பி ரேம் தான், ஆனா திரையில அந்தக் கட்டம் கட்டமான டைல்ஸ் வழுக்கிட்டு ஓடும். அதே விலை ஆண்ட்ராய்டு போன் எல்லாம் அப்போ கான்டாக்ட்ஸ் திறக்கவே முக்கி முனகும். மாமாவுக்கு ஹார்டுவேர் கடை. போன் கல்லாப்பெட்டி மேல தான் இருக்கும். அதுல ஸ்நேக் மாதிரி எதாவது விளையாட முடியுமானு தேடித் தேடி நான் அலுத்துப் போவேன்.

2016 நவம்பர்ல 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு ஆனப்போ கடை படுத்துடுச்சு. டிசம்பர் கடைசியில பீம் ஆப் வந்தது, முதல்ல ஆண்ட்ராய்டுக்கு மட்டும். சில வாரத்துல ஐபோனுக்கும் வந்தது. மாமா போனுக்கு வரல. வாடிக்கையாளர் "போன்ல அனுப்பவா அண்ணே?"ன்னு கேக்கும்போது, கல்லாப்பெட்டி மேல கிடக்கிறதும் போன் தானேன்னு அவருக்குக் கடுப்பா இருக்கும். கடைசியில ஒரு ஆண்ட்ராய்டு வாங்கிட்டார். லூமியா என் கைக்கு வந்தது.

இங்க கவனிக்க வேண்டியது, ஐபோன் வச்சிருந்தவங்களும் அப்போ இந்தியாவுல கொஞ்சம் பேர் தான். அப்புறம் ஏன் அவங்களுக்கு வந்தது, மாமாவுக்கு வரல? ஆப் எழுதுறவங்க தலையை எண்ணுறதில்ல. அந்தப் பக்கம் போனா என்ன கிடைக்கும்னு பாக்குறாங்க. உலகத்துல விக்கிற ஸ்மார்ட்போன்ல ஐபோன் பங்கு அஞ்சுல ஒண்ணு அளவு தான். ஆனா ஆப்புக்காக மக்கள் செலவழிக்கிற பணம் கூகுள் ப்ளேயை விட ஆப்பிள் ஸ்டோர்ல தான் அதிகம். விலை குறைஞ்ச லூமியா வாங்கின மாமா மாதிரி ஆளுங்க ஒரு ஆப்பைக் கூட காசு குடுத்து வாங்கினது கிடையாது. விண்டோஸ் போன்ல அதிகம் வித்த மாடலே அந்த 520 தான். அதாவது சதவீதம் ஏறினதே காசு செலவழிக்காத ஆளுங்களால. 2013-ல ஐரோப்பாவுல சில நாடுகள்ல 10 சதவீதத்தை ஒட்டி வந்தும் அது நிக்கலைங்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன்.

இன்ஸ்டாகிராம் ஐபோனுக்கு 2010-ல, ஆண்ட்ராய்டுக்கு 2012-ல, விண்டோஸ் போனுக்கு 2013 கடைசியில வந்தது, அதுவும் பீட்டாவா. யூடியூப் ஆப்பை மைக்ரோசாஃப்டே எழுதிப் பாத்தது, கூகுள் தடுத்துடுச்சு. போதாததுக்கு 2012-ல விண்டோஸ் போன் 8 வந்தப்போ, பழைய 7 வச்சிருந்த யாருக்கும் அப்டேட் கிடையாதுன்னு சொந்தக் கட்சிக்காரங்களையே நடுரோட்டுல விட்டாங்க. சின்னக் கட்சி இருக்கிற நாலு பேரைத் தாங்கிப் பிடிக்கணும். இவங்க தலைகீழா செஞ்சாங்க.

பெரிய கட்சின்னா மட்டும் பாதுகாப்புன்னும் சொல்லிட முடியாது. 2007-ல முதல் ஐபோன் வந்தப்போ உலகத்துல வித்த ஸ்மார்ட்போன்ல பாதிக்கு மேல நோக்கியாவோட சிம்பியன். 2011 பிப்ரவரியில நோக்கியாவே சிம்பியனைக் கைவிட்டு விண்டோஸ் போனுக்குத் தாவிடுச்சு. எங்க காலேஜ் பஸ் தினமும் ஸ்ரீபெரும்புதூர் வழியா தான் போகும். அங்க 2006-ல ஆரம்பிச்ச நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ம் தேதியோட நின்னது. அதுக்கு வரித் தகராறும் ஒரு காரணம், பழியை முழுசா சதவீதம் மேல போட முடியாது. அந்த இடத்தை பின்னாடி எடுத்துக்கிட்ட சால்காம்ப், ஆப்பிளுக்கு சார்ஜர் செய்யுற கம்பெனி. இந்தத் தகவல் தெரிஞ்ச நாள்ல இருந்து பஸ் அந்தப் பக்கம் போகும்போது எனக்குத் தூக்கம் வர்றதில்ல.

பஸ்னதும் எங்க ப்ராஜெக்ட் ஞாபகம் வருது. காலேஜ் பஸ் எங்க வருதுன்னு காட்டுற ஆப். டீம்ல நாலு பேர். எங்க ரூட்ல 52 பேர் ஏறுறோம், அதுல ஐபோன் நாலே நாலு. ஐபோன் ஆப் எழுத மேக் வேணும், ஸ்டோர்ல போட வருஷத்துக்கு 99 டாலர். ப்ளே ஸ்டோர்ல ஒரே தடவை 25 டாலரோட முடிஞ்சது. "நாலு பேருக்காகவா?"ன்னு கேட்டு அஞ்சு நிமிஷத்துல மீட்டிங்கை முடிச்சோம்.

முடிச்ச பிறகு தான் ஒருத்தி கேட்டா: "டிரைவர் அண்ணா என்ன போன் வச்சிருக்காரு?"

ஜியோபோன். கீபேட் வச்சது, கய்ஓஎஸ். அதுக்கு வாட்ஸ்அப்பே 2018-ல தான் வந்தது, அதுவும் கோடிக்கணக்குல ஆளுங்க சேர்ந்ததால. எங்க கணக்குப்படி டிரைவர் அண்ணா 53-ல ஒருத்தர், ரெண்டு சதவீதம் கூட இல்ல. ஆனா பஸ் எங்க இருக்குன்னு சொல்ல வேண்டியது அவர் போன் தான். அவர் பக்கம் ஓடலைன்னா மத்த 52 பேர் திரையிலயும் வெறும் மேப் தான் தெரியும். நாங்க எண்ணினது பாக்குறவங்களை. சொல்றவரை எண்ணவே இல்ல.

அவரைப் புது போன் வாங்கச் சொல்றதுன்னு ஒரு யோசனை வந்தது. "என் காசுலயா தம்பி?"ன்னு சிரிச்சார். அதோட அந்த யோசனை காலி. இப்போ ஒரு ஜிபிஎஸ் மாட்யூலும் சிம்800எல் போர்டும் வச்சு பஸ்லயே பொருத்தப் போறோம். போர்டு 2ஜி தான், ஜியோ சிம் எடுக்காது, ஏர்டெல் சிம் வாங்கியாச்சு. பாக்குறதுக்கு ஆப் கிடையாது, ஒரு வெப் பேஜ். ஐபோன் நாலு பேருக்கும் அது திறக்கும், மேக்கும் வேணாம் டாலரும் வேணாம்.

ஒரே சிக்கல், ஜீரோத் ரிவ்யூல நாங்க குடுத்த டைட்டில்ல 'ஆண்ட்ராய்டு ஆப்'னு இருக்கு. அதை மாத்த கைடு சார் கையெழுத்து வேணும். அவர் வச்சிருக்கிறது ஐபோன். திங்கட்கிழமை லிங்க்கை அவருக்கு அனுப்பிட்டு அப்புறம் தான் ஃபார்மை நீட்டணும்னு பேசி வச்சிருக்கோம்.