மூன்றடிப் பலகையில் கடுகண்ணாவை

மாதிரி ரயில் வைத்திருக்கிறேன் என்றால் வருகிறவர்கள் எல்லாரும், "எங்க ஓடுது, காட்டுங்க பார்ப்போம்" என்பார்கள். நான் முதலில் காட்டுவது ஜன்னலோரப் பழுதுமேசையில் கிடக்கும் 90 சென்டிமீட்டர்ப் பலகையை. மலை இல்லை, ஸ்டேஷன் இல்லை, ஒரு மரம்கூட இல்லை. வந்தவர் முகம் சுருங்கிவிடும். ஆனால் இந்தப் பலகையில் தேறாத எஞ்சின் எதுவும் பெரிய பாதையில் ஏறுவதில்லை.

அதில் பதித்திருப்பது 16.5 மில்லிமீட்டர்த் தண்டவாளம். கண்டிக் கோச்சி ஓடும் பாதையின் அகலம் ஐந்தரை அடி. 1:76 கணக்கில் சுருக்கினால் 22 மில்லிமீட்டர் வரவேண்டும். சந்தையில் கிடைப்பது 16.5 என்பதால் என் எஞ்சின்கள் எல்லாம் காலை ஒடுக்கிக்கொண்டுதான் நிற்கின்றன. பழகிவிட்டது.

பலகையின் நடுவில் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டி, இடைவெளியில் பிளாஸ்டிக் துண்டு செருகியிருக்கிறேன். ஒரு பாதி ஓட்டத்துக்கு, மறு பாதி எஞ்சினுக்குள் இருந்து கட்டளைகளைக் கேட்கும் சில்லான டிகோடரில் எண்களை எழுத. இரண்டுக்கும் கட்டளை அனுப்புவது ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்பலகை, அதன்மேல் ஒரு மோட்டார் ஷீல்டு, உள்ளே இலவசமாகக் கிடைக்கும் டிசிசி-ஈஎக்ஸ் மென்பொருள். ஷீல்டின் ஒரு வெளியீடு ஓட்டப் பாதிக்கு, மற்றது எழுதும் பாதிக்கு.

ஏன் இந்த வெட்டு? டிசிசி என்ற இந்த டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் தண்டவாளத்தில் எப்போதும் கரண்ட் இருக்கும். கட்டளைகளும் அதிலேயே நெடிலும் குறிலுமான துடிப்புகளாக ஓடும். குறில் ஒரு பாதிக்கு 58 மைக்ரோசெக்கன்ட், நெடில் 100. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு எண். புதிதாக வரும்போது அது 3. தன் எண்ணைக் கூப்பிட்டால்தான் எஞ்சின் அசையும். எழுதும் பாதியில் அப்படியில்லை. அங்கே கட்டளைக்கு முகவரியே கிடையாது, நிற்பவை எல்லாம் வாங்கிக்கொள்ளும். இரண்டு எஞ்சினை விட்டுவிட்டு 570 என்று எழுதினால் இரண்டும் 570 ஆகிவிடும். பதுளைப் பாதையில் வழி அனுமதிக்கு அடையாளமான டேப்லட் கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் புறப்பட மாட்டார் அல்லவா, அதே சட்டம்தான்: ஒரு நேரத்தில் ஒன்று.

டிகோடருக்குப் பேச வாயில்லை. கேட்டதற்கு "ஆம்" என்றால் 6 மில்லிசெக்கன்ட் நேரம் மோட்டாருக்குக் கரண்டை விடும். எஞ்சின் ஒரு மயிரிழை துள்ளும். கண்ணை அருகே வைத்துப் பார்த்தால் தெரியும். பதில் வரவில்லையா, முதலில் தண்டவாளத்தைத் துடையுங்கள். கண்டி ஈரத்தில் அழுக்குப் படிய நாலு நாள் போதும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹோல் நனைத்த துணி நல்லது. மண்தாள் வேண்டவே வேண்டாம், அது போட்ட கீறலுக்குள்தான் அடுத்த அழுக்கு குடியேறும்.

இந்த ஒழுங்கெல்லாம் ஒரு நட்டத்துக்குப் பிறகு வந்தது. பழைய டீசல் ஒன்றுக்கு டிகோடர் பூட்டினேன். மோட்டாரின் ஒரு பிரஷ் உலோக அடிச்சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவசரத்தில் நேரே ஓட்டப் பாதியில் வைத்தேன். 'டிக்' என்றொரு சத்தம், பிறகு கருகல் வாடை. அடுத்த டிகோடர் தபாலில் வர ஒன்றரை மாதம். எழுதும் பாதி கால் அம்பியருக்கு மேல் விடாது. அங்கே வைத்திருந்தால் "பதில் இல்லை" என்று சொல்லிப் பேசாமல் இருந்திருக்கும். இப்போது முதலில் மல்டிமீட்டர்: மோட்டார் முனைக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடாது. பிறகு எழுதும் பாதியில் சிவி 8-ஐ, அதாவது டிகோடரின் எட்டாம் நினைவுப் பெட்டியை, வாசிப்பேன், டிகோடரைச் செய்தவரின் எண் அதில் இருக்கும். அது வந்தால்தான் ஓட்டம்.

ஓட்டப் பாதிக்கும் பரீட்சை உண்டு. ஐந்து ரூபாக் குற்றியைக் குறுக்கே வைத்தால் உடனே கரண்ட் நிற்கவேண்டும். எனக்கு நிற்கவில்லை, மெல்லிய போன் சார்ஜர் வயரைப் போட்டிருந்தேன். வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு மாற்றியதும் சரியாயிற்று.

கடைசியாக ஏற்றம். கண்டிப் பாதையின் கடுகண்ணாவை ஏற்றம் 45-க்கு 1. என் பலகை 90 சென்டிமீட்டர், ஆகவே ஒரு முனையை மரத்துண்டு வைத்துச் சரியாக 2 சென்டிமீட்டர் தூக்கினால் அதே சரிவு. எஞ்சின் உதறாமல் நகரும்வரை புறப்படும் மின்னழுத்தமான சிவி 2-ஐ ஒவ்வொன்றாகக் கூட்டுவேன். சமதரையில் சாதுவாகத் தெரிந்த எத்தனையோ எஞ்சின் இங்கே பல்லிளித்திருக்கிறது.

முட்டுக்கொடுக்கும் அந்த மரத்துண்டைத் தச்சுப்பட்டறையில் சும்மாவே தந்தார்கள்.