திறந்த பேரேடு

கலேவெலயில் நாம் மாதக் கடனுக்குப் பொருள் வாங்கும் கடையில், எமது பக்கத்தைப் புரட்டுகையில் கடைக்காரர் கடன் கொப்பியின் எதிர்ப்பக்கத்தைக் கையால் மூடிக்கொள்வார். பெரிய வெங்காயச் செய்கை பிழைத்த போகத்தில் எவர் எவ்வளவு கடன்பட்டார் என்பது கடன்பட்டவருக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும்.

பிட்கொயினின் பேரேட்டை மூட அப்படியொரு கை இல்லை. பிளாக்செயின் எனப்படும் இச்சங்கிலிப் பேரேடு 2009 இல் தொடங்கியது. அதன் பிரதிகள் உலகெங்கும் கணினிகளில் உள்ளன. எவரும் படிக்கலாம், எவரும் அழிக்க இயலாது. பெயருக்குப் பதிலாக நீண்ட குறியீடு ஒன்றே காணப்படும். ஆயினும் அக்குறியீடு இன்னாருடையது என்பது ஒருமுறை தெரிந்துவிட்டால், அதன்வழிச் சென்ற பணமெல்லாம் அம்பலமே.

"சேர், நானா குவைத்திலயிருந்து இப்பிடிக் காசு அனுப்பினா ஊருக்கே தெரியுமா?" என்று மாணவி ஒருத்தி வினவினாள். குறியீட்டை அறிந்தவருக்குத் தெரியும் என்றோம்.

வெளிப்படைத்தன்மையைப் போற்றுபவர்கள் நாம். 1917 இல் வணிக இரகசியத்தை ஒழிக்குமாறு லெனின் எழுதியது, முதலாளியின் கணக்கைத் தொழிலாளி பார்ப்பதற்காகவேயன்றித் தொழிலாளியின் கணக்கை முதலாளி பார்ப்பதற்காகவன்று. நம் நாட்டிலோ 2023 இல் அஸ்வெசும நலன்புரிப் பட்டியல் பகிரங்கமாக வெளியிடப்பட்டு, ஆட்சேபனைகளும் கோரப்பட்டன. வறுமைக்குத்தான் எத்தனை சாட்சிகள் வேண்டியிருக்கிறது!

ஒரு கூற்று உண்மை என்பதை, அதற்குமேல் எதையும் வெளியிடாமலே நிறுவும் முறையை 1985 இல் கோல்ட்வாசர், மிக்காலி, ரக்கோஃப் என்னும் மூவர் ஆராய்ந்து வகுத்தனர். 2016 இல் தோன்றிய ஸீகாஷ் நாணயம் அதனைக் கைக்கொண்டது. அனுப்பியவர், பெற்றவர், தொகை ஆகிய மூன்றும் மறைந்திருக்கும். ஒரே பணம் இருமுறை செலவாகவில்லை என்பதையோ எல்லோரும் சரிபார்க்கலாம். கணக்குடையவர் விரும்பினால் தணிக்கையாளருக்குப் பார்வைத் திறவுகோல் ஒன்றைக் கொடுக்கலாம்.

கள்வனும் ஒளிந்துகொள்வானே எனின், ஒளிந்துகொண்டதும் உண்டு. வடகொரியக் கணினிக் கள்வர் டொர்னாடோ கேஷ் என்னும் கருவியின் வழியே திருட்டுப் பணத்தைக் கழுவினரெனக் கூறி, 2022 ஆகஸ்டில் அமெரிக்கத் திறைசேரி அதனைத் தடைப்பட்டியலிற் சேர்த்தது. 2025 மார்ச்சில் நீக்கியது. கருவியையே தடைசெய்வது எமக்கு உடன்பாடன்று. திறவுகோலை எவர் ஒப்படைக்கவேண்டும் என்பதே கேள்வி. பொதுப்பணத்தைக் கையாளும் அமைச்சும் வங்கியும் கம்பனியும் கட்டாயமாக ஒப்படைக்கட்டும். வெங்காயத் தோட்டத்துக் கூலியாள் தன் விருப்பப்படி செய்யட்டும். ஸீகாஷிலோ திறந்த முகவரியும் உண்டு, மறைந்த முகவரியும் உண்டு. வேறுபாடு அறியாதவனின் கணக்குத் திறந்தே கிடக்கலாம்.