இழுவைத் திறனும் மஞ்சள் ஸ்டிக்கரும்

மே மாதம் பிறந்துவிட்டால் போதும், அமெரிக்காவில் பாதிப் பேர் வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். உவமையெல்லாம் இல்லை, நிஜமாகவே வீடுதான். படுக்கையறை, அடுப்படி, குளியலறை, ஏசி எல்லாம் உள்ளே இருக்கும். பொதுவாக இதை ஆர்.வி. என்பார்கள். எஞ்சினோடு சேர்ந்தே வருவது மோட்டார்ஹோம். பின்னால் கொக்கியில் மாட்டி இழுப்பது டிராவல் டிரெய்லர். இன்னொரு வகை உண்டு, பெயர் ஃபிஃப்த் வீல். ட்ரக்கின் பின்தொட்டிக்குள், பின் அச்சுக்கு மேலே ஒரு தட்டு இருக்கும். டிரெய்லரின் மூக்கிலிருந்து இறங்கும் கிங்பின் அதில் உட்கார்ந்துகொள்ளும். நாமக்கல், சங்ககிரி பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம், நம்ம டிரெய்லர் லாரி வேலை செய்வதும் இப்படித்தான்.

நானும் நாமக்கல்காரன்தான். பெரியப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நான் இப்போது கொலராடோவில் மெக்கானிக்கல் முதுகலை படித்துக்கொண்டு, ஒரு வயதான தம்பதியின் வீட்டில் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். எனக்கு அவர் தாத்தா, அந்த அம்மா பாட்டி. நேரில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், இந்த ஊர் வழக்கம் அப்படி. மனசுக்குள் தாத்தா, பாட்டிதான்.

2024 வசந்த காலத்தில் இருவரும் ஒரு முடிவு எடுத்தார்கள். வீட்டை விற்றுவிட்டு ஆர்.வி.யிலேயே குடியிருப்பது, குளிருக்கு அரிசோனா, வெயிலுக்கு மொன்டானா. இப்படி வாழ்பவர்கள் இங்கே நிறையப் பேர், 'ஃபுல் டைமர்' என்று ஒரு பெயரே இருக்கிறது. முக்கால் டன் டீசல் ட்ரக் ஒன்று ஏற்கெனவே கைவசம் இருந்தது. அதற்கு ஏற்றது என்று சொல்லி ஒரு விற்பனையாளர் 34 அடி ஃபிஃப்த் வீல் ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டார். "இந்த ட்ரக் 15,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும், உங்கள் டிரெய்லர் முழுதாக ஏற்றினாலும் 13,900தான், கவலையே வேண்டாம்" என்பது அவர் வாக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விற்பனைக் கையேட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. பொய் இல்லை, ஆனால் பாதிதான் உண்மை.

மீதிப் பாதி ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும். கதவு நிலையில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு ஸ்டிக்கர். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இந்த எடையைத் தாண்டவே கூடாது என்று அந்த ஒரு வண்டிக்கு மட்டும் உரிய எண் அதில் இருக்கும். தாத்தாவின் ட்ரக்கில் அது 2,130 பவுண்டு, ஏறக்குறைய 966 கிலோ. அவ்வளவுதான்!

இழுவைத் திறன் என்பது பின்னால் உருளும் எடை. இந்த 2,130 என்பது ட்ரக்கின் முதுகு தாங்கும் எடை. ஃபிஃப்த் வீலின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை கிங்பின் வழியாக ட்ரக்கின் முதுகில் இறங்கும். கொக்கியில் மாட்டும் டிராவல் டிரெய்லரில் இது 10 முதல் 15 சதவீதம். 13,000 பவுண்டு ஃபிஃப்த் வீலுக்கு 20 சதவீதம் என்று போட்டால் 2,600. ஸ்டிக்கர் எண் அங்கேயே காலி. தாத்தா இன்னும் ஏறி உட்காரவே இல்லை.

முக்கால் டன் டீசல் ட்ரக்குகளில் இது பழைய வியாதி. பெரிய டீசல் எஞ்சின் மலையையே இழுக்கும், ஆனால் அதன் சொந்த எடையே அதிகம். பல வண்டிகளுக்கு மொத்த அனுமதி எடை 10,000 பவுண்டு என்று நிர்ணயித்திருப்பார்கள். எஞ்சினும் நாலு கதவும் சொகுசு இருக்கையும் அதில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டால், சுமைக்கு மிச்சம் கொஞ்சம்தான். 'முக்கால் டன்', 'ஒரு டன்' என்பதெல்லாம் பழைய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் பெயர்கள். அதை நம்பிக் கணக்குப் போட முடியாது.

இதைத் தாளில் போட்டுக் காட்டினேன். தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "ட்ரக் நன்றாகத்தானே இழுக்கிறது? பின்னால் ஒன்று இருப்பதே தெரியவில்லை" என்றார். அவருக்கு இது எண் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. நாற்பது வருஷம் சேர்த்த பணம், பாட்டியோடு பேசிப் பேசிக் கட்டிய கனவு. வாடகைக்கு இருக்கும் பையன் ஒருவன் வந்து "தப்பான வண்டி" என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? நான் வாதாடவில்லை. "எடை போட்டுப் பார்த்துவிடலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

நம்மூர் எடைமேடை போல இங்கே கேட் ஸ்கேல் என்று ஒன்று, 1977-ல் அயோவாவில் தொடங்கியது. நெடுஞ்சாலை ட்ரக் நிறுத்தங்கள் பலவற்றில் இருக்கிறது. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் என்று மூன்றும் தனித்தனி மேடையில் நிற்பதுபோல் வண்டியை நிறுத்த வேண்டும். சில நிமிடத்தில் சீட்டு வந்துவிடும். பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு ட்ரக்கை மட்டும் மறுபடி போட வேண்டும். ஒரே நாளில் இரண்டாம் எடைக்குக் கட்டணம் குறைவு.

குடித்தனச் சாமான் எல்லாம் ஏற்றி, பாட்டியையும் உட்கார வைத்துப் போனோம். வந்த எண்கள் இவை. டிரெய்லரோடு: முன் அச்சு 4,780, பின் அச்சு 6,460, டிரெய்லர் அச்சுகள் 10,420. ட்ரக் மட்டும்: 8,640. கழித்துப் பாருங்கள். கிங்பின் வழியாக இறங்கியது சரியாக 2,600 பவுண்டு. ட்ரக்கின் மொத்தம் 11,240. அனுமதி 10,000. அதாவது 1,240 பவுண்டு, 560 கிலோவுக்கு மேல் கூடுதல். பின் அச்சின் வரம்பு 6,340, அதையும் 120 பவுண்டு தாண்டியாயிற்று. இழுவைத் திறன் மட்டும் பத்திரமாக இருந்தது!

"நம்ம ஊர் லாரிகளில் ஏற்றாத லோடா?" என்று கேட்பீர்கள். ஏற்றுகிறோம்தான். அதன் விளைவைத் தொப்பூர் கணவாயில் பார்த்துக்கொண்டும் இருக்கிறோம். தருமபுரியிலிருந்து சேலம் வரும் அந்த இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும், பாரத்தோடு பிரேக் பிடிக்காமல் போய் முன்னால் போகிறவர்கள் மேல் ஏறுவதும் பழைய கதை. எந்தக் கியரில் ஏறுகிறாயோ அந்தக் கியரில் இறங்கு என்பார் பெரியப்பா. அவர் படித்தது எட்டாம் வகுப்பு, ஆனால் இதைவிடச் சுருக்கமாக எங்கள் பேராசிரியர்களும் சொன்னதில்லை.

இங்கே தொப்பூருக்கு அண்ணன் இருக்கிறது. ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கம், கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில். மேற்கு வாயிலைத் தாண்டினால் 7 சதவீதச் சரிவில் சில்வர்தோர்ன் ஊர்வரை இறங்க வேண்டும். 600 மீட்டருக்கு மேல் இறக்கம். தாத்தாவின் ட்ரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 21,660 பவுண்டு, ஏறக்குறைய 9,800 கிலோ. அந்த எடை 600 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட 58 மெகாஜூல். 200 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க இது போதும். காற்றும் டயர் உராய்வும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் பிடிக்காவிட்டால் பிரேக்தான் பிடிக்க வேண்டும். பிரேக் காய்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அந்தச் சாலையோரம் சரளை கொட்டிய ஓடுதளங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள்.

டீசல் ட்ரக்குகளில் எக்ஸாஸ்ட் பிரேக் இதற்குத்தான். டர்போவின் இதழ்கள் மூடிக்கொண்டு புகை வெளியேறும் வழியைக் குறுக்கும். எஞ்சின் மூச்சுத்திணறி வேகத்தை இழுத்துப் பிடிக்கும். டோ-ஹால் பொத்தானை அழுத்தினால் கியரும் தானே கீழிறங்கி நிற்கும். கால் பிரேக்கை விட்டுவிட்டு, தேவைப்படும்போது அழுத்தி வேகத்தைக் குறைத்து, மறுபடி விட வேண்டும். காலை அதிலேயே ஊறப் போடக் கூடாது.

சனிக்கிழமைகளில் தாத்தாவுக்குப் பராமரிப்பு வேலையில் கைகொடுப்பேன். அதில் நான் மதிக்கிறவை நாலைந்து.

முதலில் டயர். ஆர்.வி. டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம். மாதக்கணக்கில் வெயிலில் நின்றே கிடப்பதால் ரப்பர் உள்ளே வெடித்துவிடும். பக்கவாட்டில் உள்ள டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டினால் பூப்போல இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. காற்றை ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

இரண்டாவது டிரெய்லரின் சொந்த பிரேக். மின்காந்தம் டிரம்மோடு உரசி ஷூவைத் தள்ளும் எளிய ஏற்பாடு. எவ்வளவு வேகமாகப் பிடிக்க வேண்டும் என்று ட்ரக்கில் உள்ள கன்ட்ரோலரில் அளவு வைக்கலாம். காலியான இடத்தில் மெதுவாக ஓட்டி, அந்தக் கைப்பிடியை மட்டும் அழுத்திப் பார்க்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வண்டி இழுத்து நிற்க வேண்டும். டிரெய்லர் பாம்புபோல் ஆட ஆரம்பித்தாலும் உதவுவது இதே கைப்பிடிதான். ட்ரக் பிரேக்கை மிதித்தால் ஆட்டம் கூடும்.

மூன்றாவது பிரேக்அவே கம்பி. டிரெய்லர் கழன்று ஓடினால் இந்தக் கம்பி ஒரு ஊசியை உருவும், டிரெய்லர் தன் பேட்டரியிலேயே பிரேக் பிடித்து நிற்கும். அந்த பேட்டரி செத்துக் கிடந்தால் எல்லாம் வீண். தாத்தா ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் உருவிப் பார்க்கிறார்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். சக்கரம் கழற்றி மாட்டினால் முதல் 50 மைலுக்குள் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். பேரிங் கிரீஸ் வருஷத்துக்கு ஒருமுறை. டீசல் வடிகட்டியில் சேரும் தண்ணீரை வடிக்க வேண்டும். பாரம் இழுக்கும் வண்டிக்குக் கியர் பெட்டி எண்ணெயைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். யூரியா கலந்த டெஃப் திரவம் தீரும்வரை காத்திருக்கக் கூடாது, தீர்ந்தால் வண்டியே வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும்.

இவ்வளவு பொறுப்பாகப் பார்க்கிறவர்தான் 1,240 பவுண்டு கூடுதலோடு மலை இறங்க இருந்தார். அக்கறைக்குக் குறைவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை அவருக்கு விற்றவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். இதில் இன்னொரு வேடிக்கை, பெரும்பாலான மாநிலங்களில் இந்த அளவு வண்டிக்குச் சாதாரண கார் உரிமமே போதும். லாரி ஓட்டுகிறவனுக்குத் தேர்வு உண்டு, எடைச் சோதனை உண்டு. பத்து டன் வீட்டை இழுக்கும் தாத்தாவுக்கு எதுவுமில்லை.

எடைச் சீட்டை இரண்டு நாள் சமையல் மேஜையிலேயே வைத்திருந்தார்கள். வழி இரண்டுதான். பின்னால் நாலு சக்கரம் உள்ள ஒரு டன் ட்ரக் வாங்க வேண்டும், அல்லது வீட்டைச் சிறிதாக்க வேண்டும். புது ட்ரக் விலையைப் பார்த்ததும் தாத்தா பேசவே இல்லை. பாட்டிதான் முடித்து வைத்தார்: "எனக்குப் பெரிய சமையலறை வேண்டாம். மலை இறங்கும்போது கண்ணைத் திறந்துகொண்டு உட்கார வேண்டும்."

ஃபிஃப்த் வீலை நஷ்டத்துக்கு விற்று, கொக்கியில் மாட்டும் சின்ன டிராவல் டிரெய்லர் வாங்கினார்கள். ஏற்றிய எடை 9,000 பவுண்டு. கொக்கியில் இறங்குவது 1,150 அளவில். எடையைப் பகிரும், ஆட்டம் தடுக்கும் கொக்கி 100, இருவரும் சேர்ந்து 340, குறைத்த கருவிப்பெட்டி 100. மொத்தம் 1,690. ஸ்டிக்கருக்குள் 440 பவுண்டு மிச்சம்! இரும்புத் தோசைக்கல் மாதிரி கனமான சட்டிகளில் இரண்டு எனக்கு வந்தன. உண்மையாகவே தோசை நன்றாக வருகிறது :-)

வீடு விற்றாயிற்று, நான் வேறு அறை தேடுகிறேன். வருத்தம்தான். ஆனால் அவர்கள் ஐசனோவர் தாண்டிப் போகிற நாளில் நான் போனைப் பார்த்துக்கொண்டு பயப்படத் தேவையில்லை.

உங்களில் யாராவது இங்கே டிரெய்லர் இழுக்க ட்ரக் வாங்கப் போகிறீர்களா? விற்பவர் எஞ்சினைப் பற்றிப் பேசட்டும், பேச விடுங்கள். அவர் பேசும்போதே ஓட்டுநர் கதவைத் திறந்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வீட்டில் உள்ள ஒவ்வொருவர் எடையையும் கழித்துவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று அவரிடம் கேளுங்கள்.