இகாலாவும் விமானச் சீட்டும்

விற்ற பொருளை, வாங்கியவர் மனம் மாறித் திருப்பித் தந்தால், அதே விலைக்கு ஏற்றுக்கொள்வதை ஃபிக்ஹு நூல்கள் 'இகாலா' என்கின்றன. அதன் சிறப்பை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த ஹதீஸ் அபூதாவூதில் உண்டு. விமான நிறுவனத்தாரிடம் அதனை எதிர்பார்க்க முடியுமா, வாசகர்களே? முடியாதுதான். ஆயினும் முழுவதுமாகக் கைவிரிக்கவும் அவர்களால் இயலாது.

துபாயிலுள்ள மகனைக் காண நானும் என் துணைவியும் சீட்டு எடுத்திருந்த வேளையில் என் மாமனார் வஃபாத்தானார்கள். மாமியார் இத்தாவில் அமர்ந்தார்கள். தாயைத் தனியே விட்டு வர என் துணைவிக்கு மனம் ஒப்பவில்லை, எனக்கும்தான். சீட்டு விற்ற முகவரோ, "மலிவுச் சீட்டு பாய், ஒரு பைசாவும் திரும்பாது" என்றார்.

அது சரியன்று. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேல் இரத்துக் கட்டணம் பிடிக்கக் கூடாதென்பது நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும், பயணி விமானம் ஏறாது போயினும், திருப்பித் தந்தாக வேண்டும். விதியை எழுத்தில் காட்டிய பிறகே முகவர் விண்ணப்பித்தார். வரித்தொகை வந்து சேர்ந்தது. பணத்துக்குப் பதிலாக 'அடுத்த பயணத்துக்கு வரவு' என்பார்கள். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

இன்னொன்று: போகும் பயணத்தை விட்டுவிட்டுத் திரும்பும் சீட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாமென எண்ணாதீர்கள். முதற்பயணத்தில் ஏறாவிடில், மீதியையும் பெரும்பாலான நிறுவனங்கள் தாமே இரத்துச் செய்துவிடும்.