மூன்றேகால் ஜிபி

காஞ்சிபுரத்தில் பட்டு எடைக்குத்தான் கை மாறும். கூலிக்கு நெய்பவருக்குப் பாவு, ஊடை, ஜரிகை எல்லாவற்றையும் நிறுத்துத்தான் கொடுப்பார்கள். நெய்து கொண்டுவந்த புடவையை மறுபடி தராசில் வைப்பார்கள். போன எடைக்கும் வந்த எடைக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்குக் கணக்கு இருக்கவேண்டும். கழிவு இவ்வளவு, மிச்ச நூல் இவ்வளவு என்று சொல்லத் தெரியவேண்டும். கணக்கில்லாத குறைவைக் கூலியில் பிடிப்பார்கள். கூலியாவது பரவாயில்லை, பேரும் போய்விடும். "அவன் கை சுத்தமில்ல" என்று பிள்ளையார்பாளையத்தில் ஒருமுறை பேச்சு கிளம்பிவிட்டால், அடுத்த பாவு கிடைப்பது கஷ்டம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு கம்ப்யூட்டர், "ரேம் 4 ஜிபி" என்று காட்டிவிட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டு "பயன்படுத்தக்கூடியது 3.25" என்று சொன்னால் என்ன ஆகும்?

2012இல் எங்கள் தெருவில் அதுதான் ஆனது. நான் மாமா என்று கூப்பிடும் ஒருவர் புடவைக் கரைக்கும் முந்திக்கும் டிசைன் போடுபவர். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, அதைப் பார்த்து ஜக்கார்ட் அட்டை குத்திப் பழகிய கை. பிறகு கம்ப்யூட்டருக்கு மாறினார். பெரிய முந்தி டிசைனைத் திறந்தால் 2 ஜிபி ரேம் திணறியது. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் சரிபார்க்கிறவன், பழையதைக் கழற்றிவிட்டு இரண்டு 2 ஜிபி ரேம்களைப் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனான். மாமா திரையைப் பார்த்தார். முக்கால் ஜிபி குறைகிறது. கேட்டதற்குப் பையனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டே நாளில் டீக்கடை வரைக்கும் அவன் திருடன்.

நான் அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதுசு. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்ததும் பையன் வந்து நின்றான். "அண்ணா, நீங்களாவது சொல்லுங்கண்ணா."

மாமாவிடம் அவருடைய அட்டையை வைத்தே பேச்சை ஆரம்பித்தேன். ஜக்கார்டில் அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 1804 வாக்கில் பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்ட் கொண்டுவந்த ஏற்பாடு. சார்லஸ் பாபேஜ் தன்னுடைய கணக்கு எந்திரத்துக்கு அட்டை யோசனையை எடுத்ததே அங்கிருந்துதான். கம்ப்யூட்டரின் பிட்டும் அதேதான்: ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை.

"ஒரு அட்டையில 32 இடந்தான் இருக்குன்னு வச்சுக்குங்க மாமா. எத்தனை விதமா குத்தலாம்?"

ஒரு இடத்துக்கு இரண்டு, இரண்டு இடத்துக்கு நாலு, மூன்றுக்கு எட்டு என்று விரலில் போட்டுக்கொண்டே போனார். பத்து இடத்துக்கு 1,024 வந்ததும் விட்டுவிட்டார். 32 இடத்துக்கு 4,29,49,67,296. ஒவ்வொரு அட்டையும் ஒரு முகவரி. ஒரு முகவரியில் ஒரு பைட். கூட்டிப் பார்த்தால் சரியாக 4 ஜிபி. அவர் கம்ப்யூட்டரில் இருந்தது 32 பிட் விண்டோஸ் 7. அதற்கு இந்த ஒரு கட்டு அட்டைதான். பழைய ஸ்கேனருக்கு 64 பிட் டிரைவர் கிடைக்காததால் அதையே வைத்திருந்தார்.

ரேமும் 4 ஜிபி, அட்டையும் 4 ஜிபிக்கு உண்டு. பிறகு ஏன் குறைகிறது? அட்டை கேட்பது ரேம் மட்டுமில்லை. பிராசசர் கிராஃபிக்ஸ் கார்டோடு பேசவேண்டும், நெட்வொர்க்கோடு பேசவேண்டும், யுஎஸ்பியோடு, பயாஸ் சிப்போடு பேசவேண்டும். அவற்றையும் முகவரி சொல்லித்தான் கூப்பிடுகிறது. அந்த முகவரிகளை இதே கட்டின் மேல்முனையில், 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே ஒதுக்கிவிடுவார்கள். கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே பெரிய பங்கு கேட்கும். இவர் மெஷினில் மொத்தம் 768 எம்பி அளவுக்கு அட்டைகள் அப்படிப் போய்விட்டன. அந்த முகவரிகளுக்கு நேராக இருந்திருக்கவேண்டிய ரேம் எங்கும் போகவில்லை. அதற்குக் கரண்ட் போகிறது, சூடாகிறது. பேர் சொல்லிக் கூப்பிடத்தான் வழியில்லை.

"நூல் இருக்கு, தூக்கறதுக்குக் கொக்கி இல்ல" என்றார் மாமா. 240 கொக்கிப் பெட்டியை வைத்துக்கொண்டு 300 இழையைத் தனித்தனியாகத் தூக்கமுடியாது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இது புதுப் பஞ்சாயத்தும் இல்லை. 1981இல் வந்த ஐபிஎம் பிசிக்கு 20 பிட் முகவரி, ஆக மொத்தம் 1 எம்பி. அதில் 640 கேபி நிரல்களுக்கு. மேலே இருந்த 384 கேபி முகவரிகள் திரைக்கும் பயாஸுக்கும் மற்ற கார்டுகளுக்கும். அதே கணக்கு, அளவுதான் வேறு.

ஆனால் விளக்கம் மட்டும் போதாது, இந்த ஊரில் நிறுத்துக் காட்டவேண்டும். 64 பிட் லினக்ஸ் சிடி ஒன்றைப் போட்டு, எதையும் இன்ஸ்டால் பண்ணாமல், அதிலிருந்தே மெஷினை எழுப்பினேன். அதே போர்டு, அதே ரேம். கிட்டத்தட்ட 3.9 ஜிபி காட்டியது. மறைந்துபோன துண்டை மதர்போர்டு 4 ஜிபிக்கு மேலே நகர்த்தி வைத்துவிடுகிறது. அங்கே எட்டுகிற அட்டை லினக்ஸிடம் இருந்தது. மாமா பையனைப் பார்த்து, "உக்காருடா, டீ சாப்ட்டுப் போ" என்றார். மன்னிப்பு அவ்வளவுதான்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "அப்போ 32ல முடியவே முடியாதா? இல்ல, வுடமாட்டேங்குறானா?"

இரண்டும்தான். 1995இல் வந்த பென்டியம் புரோவிலேயே இன்டெல் ரேமுக்கான முகவரியை 36 பிட்டாக நீட்டிவிட்டது. பிஏஇ என்று பேர். 64 ஜிபி வரை எட்டும். 32 பிட் லினக்ஸ் அதைப் பயன்படுத்தியது. மைக்ரோசாஃப்டின் சில 32 பிட் சர்வர் பதிப்புகளும் பயன்படுத்தின. சாதாரண ஆட்களுக்கு விற்ற 32 பிட் விண்டோஸ் மட்டும் 4 ஜிபி முகவரியிலேயே நின்றுகொண்டது. அதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு: 4 ஜிபிக்கு மேலே முகவரி வரும் என்றே நினைக்காமல் எழுதப்பட்ட டிரைவர்கள் அந்த முகவரிகளைக் கண்டால் மெஷினையே விழவைத்தன.

ஆனால் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் தொடாது. 64 பிட்டிலும் ஹோம் பேசிக் 8 ஜிபி, ஹோம் பிரீமியம் 16 ஜிபி, புரொஃபஷனல் 192 ஜிபி. உள்ளே ஓடுவது ஒரே கெர்னல். இங்கே குறைவது கொக்கி இல்லை. இது விலைப்பட்டியல்.

ஆக, "பயன்படுத்த முடியாது" என்கிற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் மூன்று தனித்தனிக் கதைகள். ஒன்று, கூப்பிட முகவரி இல்லை. இரண்டு, வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். இன்று உங்கள் 16 ஜிபி லேப்டாப் பதினைந்தே சொச்சம் காட்டினால் பெரும்பாலும் இதுதான்: போர்டிலேயே இருக்கும் கிராஃபிக்ஸ் தனக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிக்கொள்கிறது. சில மெஷின்களில் பயாஸில் போய் அதைக் குறைக்கலாம். மூன்று, யாரோ விடவில்லை. திரையில் மூன்றும் ஒரே மாதிரி ஒரு எண்ணாகத்தான் வரும்.

திரை சொல்வதும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. விஸ்டா முதலில் பயன்படும் அளவை மட்டும் காட்டியது. 2008இல் வந்த சர்வீஸ் பேக் 1, போட்டிருக்கும் அளவைக் காட்ட ஆரம்பித்தது. விண்டோஸ் 7தான் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தது. காரணத்தை அதுவும் அங்கே எழுதவில்லை. காரணம் இல்லாத இடத்தில் பக்கத்துத் தெருப் பையன் பதில் சொல்லவேண்டியதாகிவிட்டது.

என் வேலையிலும் இப்படி எல்லைகள் வைக்கிறோம்: இவ்வளவு ஃபைல்தான், இவ்வளவு ரிக்வெஸ்ட்தான். எல்லையைத் தாண்டினால் வரும் செய்தியை எழுதுகிற முறை எனக்கு வரும்போதெல்லாம் மீட்டிங்கில் மாமாவின் கேள்வியைக் கேட்பேன். முடியாதா, விடமாட்டோமா? சில நேரம் யாருக்கும் பதில் தெரிவதில்லை. தெரிந்த பிறகுதான் அந்த ஒரு வரியை எழுதுவேன்.